நயவஞ்சகர் என்னும் பட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், துப்பாக்கி விற்பனைக்கும் உடைமைக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று பெயர்பெற்ற ஒருவர் எழுதினாலும் பேசினாலும், அவருக்கு ஒரு மறுமொழி ஆயத்தமாய்க் காத்திருக்கிறது. அவருடைய யோசனையால் நன்மை விளையுமா, தீமை விளையுமா என்று அம்மறுமொழி ஆராய்வதில்லை. அவர் வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருக்கிறதா, அவருடைய மெய்க்காவலரின் இடையில் துப்பாக்கி இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்துவிட்டாலோ, 'நயவஞ்சகர்' என்னும் பட்டம் சூட்டப்பட்டு, வழக்கு முடிந்ததாக அறிவிக்கப்படுகிறது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வழக்காடலில் பத்திரிகைப் பத்திகள் உண்டு. தன்வரலாற்று நூல்கள் உண்டு. தொலைக்காட்சி விளம்பரங்கள் உண்டு. ஒரு தனி எழுத்து வகை என்றே சொல்லத்தகும் அளவுக்கு அவை பெருகிவிட்டன. அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இப்பட்டம் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, பொருந்தும் இடத்திலும் அதனால் நிறுவப்படுவது யாது என்று ஆராய நாம் விழைகிறோம்.

வீண் சொற்போர் பற்றிய ஆராய்ச்சி அன்று இது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டவர்கள். 20,958 பேர் பிறரால் கொல்லப்பட்டவர்கள். இத்தனை உயிர்களைப் பற்றிய வாதத்தில் சொல் ஒவ்வொன்றும் நிறுத்துப் பார்த்து எடுக்கப்பட வேண்டும் அல்லவா? 'நயவஞ்சகர்' என்பதோ நிறுக்கப்படாமலே கைமாறிவரும் சொல்.

சொல்லின் வேர்

ஒருவர்மீது குற்றம் சாட்டுமுன் குற்றத்தின் பெயரை அறிந்துகொள்வது முறை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ஹிப்பாக்ரிஸி' என்னும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் மூலச் சொல்லால் கிரேக்கர் அழைத்தது மேடையில் நடிப்பவனை. ஆகவே மேலைநாட்டார் கண்ணுக்கு இக்குற்றம் ஒரு வேடம். முகமூடியின் பின்னே இருக்கும் வேறொரு முகம்.

அரபியில் இதற்கு 'நிஃபாக்' என்று பெயர். மொழிநூலார் இச்சொல்லை 'நாஃபிகாஉ' என்பதோடு தொடர்புபடுத்துவர். பாலைநிலத்தில் வாழும் 'யர்பூஉ' என்னும் எலி தன் வளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களை வைக்கும். ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரியும். மற்றொன்றின்மேல் மெல்லிய மண்படலம் ஒன்றை விட்டுவைத்திருக்கும். வேட்டையாடுவோன் தெரிந்த வாயிலில் வந்து நின்றால், எலி அந்த மண்படலத்தைத் தலையால் முட்டி உடைத்துக்கொண்டு மறைவாயில் வழியே ஓடிவிடும். அந்த மறைவாயிலுக்கே நாஃபிகாஉ என்று பெயர்.

கிரேக்கச் சொல் முகத்தைப் பார்க்கிறது. அரபிச் சொல் வாயிலைப் பார்க்கிறது. நம் ஆராய்ச்சிக்குப் பின்னதே பெரிதும் துணைசெய்யும். ஏனெனில் சொல்லும் செயலும் வேறுபடுவது மனிதரிடத்தில் பல காரணங்களால் நேர்கிறது. அச்சத்தால் நேரும், மனவலியின்மையால் நேரும், கருத்து மாறியதால் நேரும். அவை யாவும் நயவஞ்சகம் ஆகா. பிறருக்கு அடைக்க விரும்பும் வாயிலைத் தனக்கு மட்டும் மறைவாய்த் திறந்துவைத்திருப்பவனே நயவஞ்சகன்.

நம் வள்ளுவரும் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தாரில்லை, துறவறவியலிலேயே வைத்தார். இல்வாழ்வான் இல்லறம் நடத்துவதில் என்ன வஞ்சம் இருக்கிறது? துறந்துவிட்டதாக உலகுக்கு அறிவித்துக்கொண்டவனிடமே துறவாமை வஞ்சமாகிறது. ஆகவே, பட்டம் சூட்டுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவர் எதைத் துறந்ததாக அறிவித்தார்? எதைப் பிறரிடமிருந்து நீக்க வேண்டும் என்றார்? இக்கேள்வியைக் கேளாமல் பட்டம் சூட்டுவோரே மிகப் பலர்.

மூன்று வகை மறுப்பு

அரபி மதரஸாக்களில் 'முனாளரா' என்னும் வாதக்கலை ஓதப்படுகிறது. ஒருவர் ஒரு கருத்தை நிறுவ முற்படும்போது எதிர்வாதி எவ்வெவ்வழியில் மறுக்கலாம் என்று அக்கலை வரையறுத்துச் சொல்கிறது. அவர் ஆதாரமாக வைத்த கூற்றுகளுள் ஒன்றை ஏற்க மறுத்து அதற்குச் சான்று கேட்கலாம், இது 'மன்உ'. அவருடைய ஆதாரத்தையே எடுத்து, அது ஒவ்வாத முடிவுக்கு இட்டுச் செல்வதைக் காட்டலாம், இது 'நக்ளு'. அவருடைய முடிவுக்கு நேர்மாறான முடிவைத் தரும் வேறோர் ஆதாரத்தைக் கொண்டுவரலாம், இது 'முஆரளா'.

துப்பாக்கி வாங்க வருபவரின் முன்வரலாற்றைச் சோதித்த பின்னரே விற்க வேண்டும் என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். குற்றம் செய்ய நினைப்பவன் கடைக்கு வந்தா வாங்குகிறான், கள்ளச் சந்தையில் அல்லவா வாங்குகிறான் என்று கேட்டால் அது மன்உ. உயிரைப் போக்க வல்லது என்பதே காரணமானால் சமையற்கத்திக்கும் அச்சோதனை வேண்டுமே என்றால் அது நக்ளு. ஊருக்குப் புறத்தே தனித்து வாழும் ஒரு பெண், காவலர் வந்து சேரும்வரை எதைக் கொண்டு தன்னைக் காத்துக்கொள்வாள் என்றால் அது முஆரளா. இம்மூன்றும் மதிக்கத்தக்க மறுப்புகள். கட்டுப்பாடு கோருவோர் இவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

"நீரே துப்பாக்கி வைத்திருக்கிறீர்" என்பது இம்மூன்றில் எந்த வகை? எதுவும் அன்று. சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பிடித்துக்கொள்ளும் முயற்சி அது.

ஆயினும் சொன்னவரைப் பார்ப்பது எப்போதுமே தவறு என்று நாம் சொல்லிவிட மாட்டோம். சாட்சி வேறு, ஆதாரம் வேறு. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருபவனின் நேர்மையை நோக்கியே அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. ஏனெனில் அவன் கண்டதாகச் சொல்வதை நாம் கண்டதில்லை. ஆதாரம் அப்படியன்று. மூன்றும் நான்கும் ஏழு என்பதைப் பொய்யன் சொன்னாலும் ஏழுதான். ஆகவே ஒரு பிரமுகர், "துப்பாக்கியின்றியே அச்சமற்று வாழலாம், நான் அப்படித்தான் வாழ்கிறேன்" என்று தம் வாழ்வையே சாட்சியாக வைத்தால், அவர் வீட்டு அலமாரியை நோக்க நமக்கு உரிமை உண்டு. "வாங்குபவரைச் சோதித்து விற்றல் நலம்" என்று ஆதாரம் காட்டி வாதிட்டால், அலமாரிக்கு அங்கே வேலையில்லை.

இனி, உரைகல்லில் சில வழக்குகளை உரசிப் பார்ப்போம்.

கார்ல் ரோவன்

கார்ல் ரோவன் வாஷிங்டன் நகரின் புகழ்பெற்ற கறுப்பினப் பத்தி எழுத்தாளர். பின்லாந்தில் தம் நாட்டின் தூதராயும் இருந்தவர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் தீவிர ஆதரவாளர். சட்டத்தைக் காக்கும் அதிகாரிகள் அல்லாத எவரிடம் கைத்துப்பாக்கி காணப்பட்டாலும் அவரைச் சிறையில் இட வேண்டும் என்று 1981இல் எழுதினார். 1985இல், காவலரும் படையினரும் நீங்கலாக மற்ற யாவருக்கும் கைத்துப்பாக்கியை நாடெங்கும் தடுக்க வேண்டும் என்று எழுதினார். இச்சொற்களில் விலக்கு ஏதும் இல்லை.

1988 ஜூன் 14ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் அவர் வீட்டு நீச்சற்குளத்தில் இளைஞர் சிலர் அனுமதியின்றி இறங்கிக் குளித்தனர். ஓசை கேட்டு வெளியே வந்த ரோவன், அவர்களுள் ஒருவரைக் கைத்துப்பாக்கியால் சுட்டார். மணிக்கட்டில் காயம் ஏற்பட்டது. அத்துப்பாக்கி வாஷிங்டன் நகரின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்படாதது. வழக்கு நடந்தது. துப்பாக்கி, எஃப்.பி.ஐ.யில் முன்பு பணியாற்றிய தம் மகனுடையது என்றும், ஆகவே அது விலக்குப் பெற்றது என்றும், தம்மையும் தம் குடும்பத்தையும் காத்துக்கொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்றும் அவர் வாதிட்டார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு மீண்டும் நடத்தப்படவுமில்லை.

இங்கே பட்டம் பொருந்துகிறதா? பொருந்துகிறது. அவர் துறக்கச் சொன்ன பொருளும் கையில் ஏந்திய பொருளும் ஒன்றே. அவர் எழுதிய சட்டம் நிறைவேறியிருந்தால் அதன் முதல் கைதிகளுள் அவரும் ஒருவராய் இருந்திருப்பார். மகன் முன்னாள் அதிகாரி என்னும் விலக்கு, மண்படலத்தால் மூடிய அந்த இரண்டாம் வாயிலை நமக்கு நினைவூட்டுகிறது. இருளில் தம் வீட்டு முற்றத்தில் நின்ற அச்சத்தை அவர் காரணமாகச் சொன்னார்; அதே அச்சத்தைச் சொன்ன ஏழை எளியோருக்கு அவருடைய பத்திகள் செவி சாய்க்கவில்லை.

ஆனால், இதனால் நிறுவப்பட்டது யாது? ரோவன் தம் சொல்லுக்கு உண்மையாய் நிற்கவில்லை என்பது நிறுவப்பட்டது. கைத்துப்பாக்கித் தடை தீது என்பது நிறுவப்பட்டதா? இல்லை. குளத்தில் குளிக்க வந்த பையன் குண்டடி பட்டான் என்பதைத் தடையின் ஆதரவாளரும் தமக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமே! ஒரே நிகழ்ச்சியை இருவரும் இரு பக்கமாய் இழுக்க முடிகிறது என்றால், அஃது ஆதாரமாகாது என்பதே பொருள். பின்னாளில் தம் தன்வரலாற்றில் ரோவன், கட்டுப்பாட்டைத் தாம் இன்னும் ஆதரிப்பதாகவும், நயவஞ்சகம் என்னும் குற்றச்சாட்டுக்குத் தாம் இடங்கொடுத்துவிட்டதாகவும் எழுதினார். அந்த நேர்மையை நாம் பாராட்டுகிறோம். எனினும் விலக்கில்லாத் தடையை எழுதிய பேனா, அவ்விரவுக்குப் பின் என்ன விலக்கைச் சேர்க்க விரும்புகிறது என்பதல்லவா வாசகர் கேட்க வேண்டியது? அவரைத் தாக்கியவர்கள் அதைக் கேட்பதைவிட அவரை நகைப்பதிலேயே இன்பம் கண்டனர்.

சாரா பிராடி

1981 மார்ச் 30இல் ஜனாதிபதி ரீகன் சுடப்பட்டபோது, அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் எஞ்சிய வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். அவருடைய மனைவி சாரா பிராடி, துப்பாக்கி வாங்குவோரின் முன்வரலாற்றைச் சோதிக்கும் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1993 நவம்பர் 30இல் பிராடி பெயரால் அச்சட்டம் பிறந்தது.

2002இல் வெளியான தம் நூலில் சாரா பிராடி, 2000ஆம் ஆண்டில் தம் மகனுக்குப் பரிசளிக்க ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கியதைத் தாமே எழுதினார். உடனே பட்டம் சூட்டப்பட்டது. கட்டுப்பாட்டின் தலைவியே துப்பாக்கி வாங்கினாராம்!

நாம் முன்னே வகுத்த கேள்வியைக் கேட்போம். இவர் எதைத் துறந்ததாக அறிவித்தார்? வேட்டைத் துப்பாக்கியைத் தடுக்க வேண்டும் என்பது அவருடைய இயக்கத்தின் கோரிக்கையே அன்று. சோதனைக்கு உட்பட்டு வாங்க வேண்டும் என்பதே கோரிக்கை. கடைக்குச் சென்று, சோதனைக்கு உட்பட்டு, வாங்கினார். சொன்னதைச் செய்த ஒருவருக்கு நயவஞ்சகப் பட்டம்! உப்பைக் குறைத்து உண்க என்ற வைத்தியர் உப்பிட்ட கஞ்சி குடித்தார் என்று கூச்சலிடுவதை ஒக்கும் இது. கட்டுப்பாடு என்னும் சொல்லைத் தடை என்று திரித்துப் பொருள்கொண்டால்தான் இக்குற்றச்சாட்டு நிற்கும். ஆகவே இங்கே பிழை செயலில் இல்லை. படித்தவரின் சொற்பொருளில் இருக்கிறது.

டையான் ஃபைன்ஸ்டைனும் மார்ட்டின் லூதர் கிங்கும்

சான் பிரான்சிஸ்கோ நகரசபை உறுப்பினராய் இருந்த டையான் ஃபைன்ஸ்டைன் வீட்டில் 1976இல் வெடிகுண்டு வைக்கப்பட்டது; அது வெடிக்கவில்லை. அக்காலத்தில் அவர் உரிமம் பெற்று, மறைவாய்க் கைத்துப்பாக்கி ஏந்தித் திரிந்தார். 1978 நவம்பர் 27இல் நகரத்தலைவர் மாஸ்கோனியும் உறுப்பினர் ஹார்வி மில்க்கும் நகரமன்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மில்க்கின் உடலைக் கண்டெடுத்தவர் ஃபைன்ஸ்டைனே. நகரத்தலைவரான பின் 1982இல் கைத்துப்பாக்கித் தடைக்கு அவர் முற்பட்டபோது தம் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டார். அத்தடையை நீதிமன்றம் செல்லாதென்றது. பின் செனட் உறுப்பினராகி, போர்க்கள வகைத் துப்பாக்கிகளைப் பத்தாண்டுகள் தடுத்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார்.

துப்பாக்கி ஏந்தியிருந்ததை அவர் மறைக்கவில்லை. 1995இல் செனட் சபை விசாரணையிலேயே எடுத்துச் சொன்னார். அச்சொற்கள் அன்றுமுதல் அவருக்கு எதிராக எடுத்தாளப்பட்டு வந்தன. ஆனால் முன்பு வைத்திருந்து, கருத்து மாறியபின் ஒப்படைத்தவரிடம் மறைவாயில் எங்கே? துப்பாக்கிச் சங்கத்தின் உறுப்பினரான ரீகன், தாம் சுடப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்து 1991 மார்ச்சில் பிராடி சட்டத்தை ஆதரித்தார். இவற்றை மனமாற்றம் என்று சொல்லலாம். நயவஞ்சகம் என்று சொல்லலாகாது.

ஆயினும் இவ்வழக்கில், பட்டம் சூட்டுவோர் தொட்டும் தொடாமலும் விட்ட ஓர் உண்மை புதைந்து கிடக்கிறது. அந்த உரிமம் அவருக்குக் கிடைத்தது எப்படி? உள்ளூர்க் காவல் அதிகாரி தக்க காரணம் என்று கருதினால் தருவார், கருதாவிட்டால் மறுப்பார். நகரசபை உறுப்பினருக்குத் திறந்த கதவு, அதே நகரில் அச்சத்தோடு வாழ்ந்த கடைச்சிப்பந்திக்குத் திறந்திருக்குமா?

இதன் மறுபக்கத்தைக் காண அலபாமா மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். 1956 ஜனவரி 30இல் மாண்ட்கமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். அதன்பின் அவர் துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. அவரைவிடத் தக்க காரணம் உடையவர் அந்நகரில் யார்? பின்பு அவர் தம்மிடமிருந்த ஆயுதத்தையும் நீக்கிவிட்டு அகிம்சையையே அரணாகக் கொண்டார் என்பது தனி வரலாறு. ஆனால் அதிகாரியின் விருப்பத்தில் தொங்கும் உரிமம் யாருக்குச் சாயும் என்பதை அம்மறுப்பு காட்டிவிட்டது.

நியூயார்க் மாநிலத்திலும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த இத்தகைய முறை, 2022 ஜூன் 23இல் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு ஒவ்வாதென்று தீர்க்கும்வரை நிலவியது. கண்டிக்க வேண்டியது ஃபைன்ஸ்டைன் அவர்களின் கைப்பையை அன்று. உடையோர்க்குத் திறந்து இல்லோர்க்கு அடைக்கும் கதவை. இதைத்தான் 'நக்ளு' என்கிறோம். 'கட்டுப்பாடு சமமாய் இயங்காது, அது செல்வாக்குக்குத் துணைபோகும்' என்று வாதிட்டிருந்தால், கட்டுப்பாட்டின் ஆதரவாளர் விடை தேடித் திணறியிருப்பர், சட்டமும் செம்மையுற்றிருக்கும்.

மெய்க்காவலர் என்னும் வாதம்

2012 டிசம்பர் 14இல் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே தேசிய ரைபிள் சங்கம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஜனாதிபதி ஒபாமாவின் பெண்மக்களுக்கு ஆயுதம் தாங்கிய காவல் உண்டு. மற்றப் பிள்ளைகளின் பள்ளியில் அக்காவலை வைக்க அவர் தயங்குகிறார். ஆகவே அவர் மேட்டுக்குடி நயவஞ்சகர். இதுவே விளம்பரத்தின் சாரம்.

இதை ஓர் எழுத்தாகவே வைத்துப் பார்ப்போம். இதனுள்ளே ஒரு மெய்யான முஆரளா இருக்கிறது. பள்ளிதோறும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்பது அச்சங்கத்தின் எதிர்யோசனை. அது சரியோ தவறோ, ஆராயத்தக்கது. செலவு எவ்வளவு, காவலர் இருந்த பள்ளிகளில் நேர்ந்தது என்ன என்றெல்லாம் வினவி ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் விளம்பரம் எழுதியவர், ஒரு தந்தையின் பிள்ளைகளைச் சுட்டி அதைத் தொடங்கினார். கேட்டவர்கள் யோசனையை மறந்தனர்; பிள்ளைகளை இழுத்ததையே பேசினர். தம் ஆதாரத்தைத் தம் வசையாலேயே மூடிவிட்ட எழுத்து இது.

குற்றச்சாட்டாகவும் இது நிற்கவில்லை. ஜனாதிபதியின் குடும்பத்துக்குக் காவல் சட்டத்தாலேயே விதிக்கப்பட்டது. நான்கு ஜனாதிபதிகளைத் துப்பாக்கிக்கு இரையாக்கிய நாடு அது. காவலரின் ஆயுதத்தைப் பறிக்க வேண்டும் என்று ஒபாமா சொன்னதுமில்லை. அவர் துறந்ததாக அறிவிக்காத ஒன்றை வைத்திருப்பதில் வஞ்சம் இல்லை.

தனியார் மெய்க்காவலர் பற்றிய வழக்கு இதனினும் சற்றுக் கடினமானது. தொலைக்காட்சிக் கலைஞர் ரோஸி ஓ'டானல், 2000 மே மாதத்தில் வாஷிங்டனில் நடந்த தாய்மாரின் பேரணியில் முன்னின்றவர். அம்மாதத்திலேயே அவருடைய மெய்க்காவலர் துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டு விண்ணப்பித்தது செய்தியாயிற்று. இங்கே காவல் அரசு தந்ததன்று, செல்வம் தந்தது. துப்பாக்கியைத் தம் கையால் தொடாமல் கூலிக்கு ஆள் வைத்து ஏந்தச் செய்ய எல்லாராலும் முடியுமா என்று எளியவர் கேட்டால், அக்கேள்வியை எள்ளி ஒதுக்க நாம் உடன்படோம். துப்பாக்கியையே வெறுப்பதாகச் சாட்சி சொன்னவரின் சாட்சியம் அங்கே தளர்ந்துதான் போகிறது. எனினும் பேரணியின் கோரிக்கைகள் அவருடைய சாட்சியத்தின்மேல் கட்டப்பட்டவை அல்ல.

இதே வாதம் திசைமாறியும் பாய்ந்தது. 2018 மே மாதம் டல்லாஸில் நடந்த ரைபிள் சங்க மாநாட்டில், ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் பேசிய அரங்கில் துப்பாக்கிகள் தடுக்கப்பட்டன. எங்கும் ஏந்தலாம் என்போர் தம் அரங்கில் தடுக்கிறார்களே, இவர்களல்லரோ நயவஞ்சகர் என்று கட்டுப்பாட்டின் ஆதரவாளர் கூவினர். தடை விதித்ததோ ஜனாதிபதியின் காவற்படை, சங்கம் அன்று. ஒபாமாவின் பிள்ளைகளுக்குக் காவல் தந்த அதே படைதான்! எதிரி எறிந்தபோது 'வசை' என்று கண்டித்த கல்லையே எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். நாம் கையில் எடுத்த உரைகல் இருவருக்கும் ஒன்றே. அங்கே பொருந்தாதது இங்கேயும் பொருந்தாது.

மெய்யான மறைவாயில்

அப்படியானால் இப்பட்டம் முழுமையாய்ப் பொருந்தும் ஆள் எவருமில்லையா? உண்டு. கலிபோர்னியா மாநில செனட் உறுப்பினர் லீலண்ட் யீ, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பாராட்டப்பெற்றவர். 2014 மார்ச்சில் ஊழலுக்காகவும் ஆயுதக் கடத்தலுக்கு ஏற்பாடு செய்ய முன்வந்ததற்காகவும் கைது செய்யப்பட்டார். 2015இல் சதிக்குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேடையில் கட்டுப்பாடு, மறைவில் பேரம். எலிவளையின் இரண்டு வாயில்களையும் இங்கே கண்ணாரக் காண்கிறோம். கைதான சில நாட்களுக்குள்ளேயே அவருடைய கட்சியார் பெரும்பான்மையாய் இருந்த சபை அவரைத் தற்காலிகமாய் நீக்கிவைத்தது.

ஜனாதிபதி பைடனின் வழக்கு வேறுவகை. 2022 ஜூனில் அவர் துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றில் கையொப்பமிட்டார். 2024 ஜூன் 11இல் அவர் மகன், போதைப்பழக்கத்தை மறைத்துத் துப்பாக்கி வாங்கிய வழக்கில் குற்றவாளி என ஜூரிகள் தீர்த்தனர். மன்னிப்பு வழங்கமாட்டேன் என்று சொல்லியிருந்த தந்தை, டிசம்பர் 1இல் மன்னிப்பு வழங்கினார். தம் மகன் என்பதாலேயே அவன்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது என்பது அவர் காட்டிய காரணம். தந்தையின் உள்ளத்தை நாம் அறிவோம். ஆனால் அதே படிவத்தில் அதே பொய்யை எழுதிச் சிறை சென்றோருக்கு ஜனாதிபதி தந்தையாக வாய்க்கவில்லையே! இங்கே குற்றம் சாட்டுவோரின் வாயை அடைக்க நம்மிடம் சொல் இல்லை.

எனினும் இவ்விரு வழக்குகளிலும் கேட்டுப் பாருங்கள்: யீ கடத்தலுக்கு உடன்பட்டதால் கடத்தல் நல்லதாயிற்றா? மகனை மன்னித்ததால் வாங்குபவரைச் சோதித்தல் தீதாயிற்றா? யீயின் வழக்கு, கடத்தலைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்பதையன்றோ உறுதிசெய்கிறது? பட்டம் முழுமையாய்ப் பொருந்தும் இடத்திலும் அது மனிதரைத் தீர்க்கிறதேயன்றி வழக்கைத் தீர்ப்பதில்லை.

முடிவாக

இப்பட்டத்தைக் கையில் எடுப்போர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர் கோரிய சட்டம் இவர் செயலைத் தடுக்கிறதா? தடுக்குமானால், அச்சட்டத்தின் கீழ் மற்றவர் அடையும் தண்டனையைத் தாமும் அடைய உடன்படுகிறாரா? இவருக்குக் கிடைத்த பாதுகாப்பு எளியவருக்கும் கிடைக்க வழியுண்டா? முதற்கேள்வியில் சாரா பிராடி விடுதலை பெறுகிறார். இரண்டாவதில் ரோவன் தடுமாறுகிறார். மூன்றாவதில் ஆட்கள் மறைந்து, சட்டமே கூண்டில் ஏறி நிற்கிறது. கேட்கத் தகுந்த கேள்வி அதுவே. இத்தனை பத்திகளிலும் மிகக் குறைவாய்க் கேட்கப்பட்டதும் அதுவே.

சாண்டி ஹுக் பிள்ளைகள் புதைக்கப்பட்டு நான்கு மாதங்களுக்குப் பின், 2013 ஏப்ரல் 17இல், துப்பாக்கி வாங்குவோர் சோதனையை விரிவாக்கும் யோசனை செனட் சபைக்கு வந்தது. 60 வாக்குகள் தேவைப்பட்ட அவ்யோசனைக்கு ஆதரவாக 54, எதிராக 46. யோசனை தோற்றது. அதை எதிர்ப்பதற்கு மேலே சொன்ன மூன்று வகை மறுப்பிலும் நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம், ஆதரிப்பதற்கும் இருந்திருக்கலாம். அவற்றைத் தேடிப் படிக்கும் வாசகர், யார் வீட்டு அலமாரியில் என்ன இருந்தது என்னும் பக்கங்களை முதலில் புரட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. இருபது பெற்றோர் குடும்பங்கள் கேட்டது அலமாரியைப் பற்றி அன்று.